ஆள்மாறாட்டம் செய்த வசந்தாமணி

வசந்தாமணியைப் போல ஆள்மாறாட்டம் செய்த குற்றத்துக்காக வசந்தாமணியின் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அது நடந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, "வணக்கம் கண்ணுங்களா, வசந்தாக்கா வந்துட்டேன்" என்று கரகரத்த குரலில் ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை அணைந்து, 'நீங்கள் வசந்தாமணி என்பவரைப் போல நடிப்பதாகத் தெரிகிறது' என்று மிக மரியாதையாக ஒரு வாசகம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் அழுத்தச் சொல்லி கீழே ஒரு பொத்தான். அழுத்தினாள்.

திரையில் அவளே வந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின அதே கணீர்க் குரல், அரக்குச் சேலை, இரண்டு மூக்குத்தி. "சொல்லுங்க கண்ணு, உங்களுக்கு என்ன பிரச்சனை?" என்று அன்பாகக் கேட்டாள் அந்த வசந்தாமணி.

நிஜ வசந்தாமணி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் ஊரான இளம்பிள்ளையில் தடுக்கி விழுந்தால் சேலைக்கடை. ஆன்லைனில் விற்கிறவர்களும் அதே அளவு. அந்தக் கூட்டத்தில் பதினாலு வருஷம் தாக்குப்பிடித்து, 'வசந்தாக்கா சேலைகள்' என்று சொன்னாலே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரும்படி அவள் கடையை நடத்தியிருந்தாள். அதற்கு அவளிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. மற்றவர்கள் சேலையை விரித்ததும் "என்ன கலர், என்ன பார்டர்" என்று ஆரம்பிப்பார்கள். இவள் விரித்து, ஓரத்தோடு இடது கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்து, "மொதல்ல குத்தத்தச் சொல்லிப்போடறேன்" என்பாள். இங்கே ஒரு இழை இழுத்திருக்கிறது, இங்கே சாயம் அரைக்கால் பங்கு மட்டு, முந்தியில் ஒரு முடிச்சு. எல்லாவற்றையும் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, "இதுக்குச் சம்மதம்னா மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்பாள். குறையைக் கேட்ட பிறகுதான் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளும்படி எல்லாக் கடைக்காரர்களும் கறாராகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று. அவளும் சொல்வாள். ஆனால் அவளிடம் அந்த வீடியோவைக் காட்டி யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

கேமராவுக்குப் பின்னால் நின்றவன் செங்கோட்டுவேல், இறந்துபோன கணவனின் தம்பி. இணையதளம், புக்கிங், கூரியர் எல்லாம் அவன் பொறுப்பு. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன், இரண்டு மாதம் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவன்தான் 'கொடிமுல்லை' என்ற பெங்களூர் கம்பெனியைக் கூட்டிவந்தான். அவர்கள் அவளுடைய பழைய நேரலைகளை, நாலாயிரம் மணி நேரத்தையும், ஒரு இயந்திரத்துக்குக் காட்டினால் அது அவளாகவே பேசும், கிடங்கில் எடுத்த சேலைப் படங்களைப் பார்த்து அவள் கையாலேயே விரித்துக் காட்டும். குரல் திரும்பும்வரை ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி போனைப் பார்த்து "சம்மதம்" என்று சொன்னாள். நல்ல குரலில் அவள் கடைசியாகப் பேசிய வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

கணக்கு முடங்கிய அன்று மத்தியானமே கிடங்குக்குப் போய்விட்டாள். செங்கோட்டுவேல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அண்ணி. டென்சன் ஆகாதீங்க, தொண்டைக்கு ஆகாது."

"என்ற கணக்க எதுக்கு தம்பி மூடுனீங்க?"

"நான் மூடலைங்க. அதுவா மூடிக்குது. வசந்தாக்கா குரல் எப்படின்னு அதுக்குத் தெரியும். உங்க குரல் இப்ப அப்படி இல்லையே. அது என்னங்க பண்ணும்?"

"அப்ப அந்தப் பொம்மைய நிறுத்துங்க. நான் வந்துட்டேனில்ல."

செங்கோட்டுவேல் சிரித்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணி, நீங்க ஒரு நேரத்துல ஒரு சேலையத்தான் காட்டுவீங்க. அது இப்ப, இந்த நிமிசம், பதினாறாயிரம் பொம்பளைங்ககிட்டத் தனித்தனியா பேசிட்டிருக்குது. யாரு பொண்ணுக்கு எப்பக் கல்யாணம், யாருக்கு மூட்டு வலி, எல்லாம் ஞாபகம் வெச்சுக் கேக்குது. உங்களால ஆகுமா? வீட்டுல சும்மா இருங்க. உங்க பங்கு வந்துட்டே இருக்கும்."

"அது என்ற மூஞ்சி தம்பி."

"மூஞ்சி உங்களுதுதான். அத எப்படிப் பேச வெக்கறதுங்கறது கடை நிர்வாகி கையில. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்குது. நான்தான் எழுதினேன்." அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "பதினாலு வருசம் கேமராவப் புடிச்சேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அதை இந்தப் பக்கம் திருப்பி 'இவருதான் என்ற கொழுந்தனார்'னு சொல்லியிருப்பீங்களா?"

அவள் சொன்னதில்லை. தோன்றியதே இல்லை. இப்போது தோன்றி என்ன செய்ய?

வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் குளித்தலையிலிருந்து அன்னபூரணி கூப்பிட்டாள். ஆரம்ப காலத்திலிருந்து வாங்குகிறவள், ஓய்வுபெற்ற நர்ஸ், வசந்தாமணியின் சொந்த நம்பர் வைத்திருந்த சிலரில் ஒருத்தி.

"ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க? எங்க அக்கா மக வளைகாப்புக்கு எடுத்த சேலை. கட்டிக்கிட்டு சபைல உக்காந்திருக்கா, பார்டர்ல விரல் போற அளவுக்கு ஓட்டை. எல்லாரும் பாத்தாங்க. குத்தம் இருந்தா நீங்க சொல்லிருவீங்களே. உங்க வாயால 'பழுதே இல்ல கண்ணு'ன்னு சொன்னீங்களே."

"நான் சொல்லலை அன்னம்."

"பொய் வேற சொல்றீங்களா?" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வசந்தாமணியை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. கடையைப் பறித்ததைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ, இதை மன்னிக்க அவளுக்கு மனசு வரவில்லை. செங்கோட்டுவேலை நாசமாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள்.

நாமக்கல் சரசு என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, தன் கடையில் தானே வாடிக்கையாளராக நுழைந்தாள். கரகரத்த குரல் உதவியாக இருந்தது. அவளுடைய இயந்திர நகலுக்கு அவளைத் தெரியவில்லை.

"வாங்க சரசு. நாமக்கல்லா? வெயில் எப்படி அங்க?" என்றது நகல்.

பல்லைக் கடித்துக்கொண்டு மாம்பழக் கலர் சாஃப்ட் சில்க் கேட்டாள். நகல் எடுத்தது, உதறியது, விரித்தது. ஓரத்தோடு இடது கட்டைவிரல் ஓடியது. ஓடி வந்து, முந்திக்கு ஒரு சாண் கீழே, அரை நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுல ஏதாவது குத்தம் இருக்குதுங்களா அக்கா?"

"நம்ம கடைல குத்தமா கண்ணு? சுத்தமான சரக்கு."

அவள் அந்தச் சேலையை வாங்கினாள். வந்ததும் வீடியோ எடுத்தபடி பிரித்தாள். முந்திக்கு ஒரு சாண் கீழே மூன்று இழை அறுந்திருந்தது. இன்னும் ஆறு சேலை வாங்கினாள். ஆறிலும் விரல் நின்ற இடத்தில் பழுது இருந்தது. பழுது இல்லாத சேலை ஒன்றைக் கூட அந்தக் கடை இப்போது விற்கவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துபோயிற்று. மில்லில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் சரக்கை வாங்கி, அவள் வாயால் புதுச் சரக்கு என்று விற்றுக்கொண்டிருந்தான் செங்கோட்டுவேல். அவள் பேச்சைத் திருத்தியவன் அவள் கையைக் கவனிக்கவில்லை. பதினாலு வருஷம் கேமராவுக்குள்ளேயே பார்த்தவனுக்கு அது தெரியாமல் போனதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்னபூரணியைக் கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அன்னம், என்னைய நம்ப வேண்டாம். இப்பக் கடைல பேசறது என்னைய மாதிரியே செஞ்ச மிசினு. நீங்க சேலை பிரிச்ச வீடியோ இருக்குதில்ல? அந்தச் சேலைய அது காட்டுன பதிவையும் எடுத்து பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாருங்க. இடது கைக் கட்டைவிரல் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க."

பத்து நிமிஷம் கழித்து அன்னபூரணி திருப்பிக் கூப்பிட்டாள். "என்னை மன்னிச்சிருங்க அக்கா. இத நான் யார் யாருக்கு அனுப்பட்டும்?" என்று கேட்டாள்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை ஊரில் ஆள் தெரியும் என்று செங்கோட்டுவேல் கணக்குப் போடவில்லை. இரண்டு வாரத்தில் 'விரல் பார்க்கிறது' என்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. எல்லாரிடமும் பார்சல் பிரித்த வீடியோ இருந்தது. மகளிர் குழு, வாக்கிங் குழு, ஸ்கூல் அம்மாக்கள் குழு, எங்கே பார்த்தாலும் ஒரு பக்கம் நகலின் விரல், மறுபக்கம் ஓட்டை. நகல் சேலையை விரிக்க விரிக்க, பெண்கள் விரலைப் பார்த்துவிட்டு, "அடுத்தது காட்டுங்க", "அடுத்தது காட்டுங்க" என்றார்கள். யாரும் வாங்கவில்லை. வசந்தாமணி சரசுவாக உட்கார்ந்து அதை ஆசைதீரப் பார்த்தாள். கிடங்கில் பேக்கிங் செய்த இருபத்தாறு பெண்களுக்கு வேலை போயிற்று என்று தெரிந்தபோது மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மிருணாளினி நேரில் வந்தாள். முப்பது வயதிருக்கும், மெட்ராஸ்காரி, நகல்களைச் செய்கிற பிரிவுக்குத் தலைவி. வெயிலில் நடந்து வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

"மேடம், ஒளிக்காம சொல்றேன். குறை சொல்றதை எடுத்துடுங்க, சேல்ஸ் ஏறும்னு சார் கேட்டார். நாங்க பேச்சை மட்டும் வெட்டினோம். ஆனா அந்தப் பார்வையும் கையும் ஒண்ணா கத்துக்கிட்டிருக்கு. கண்ணு பழுதைப் பார்த்தா விரல் நின்னுடுது."

"கையை வெட்ட வேண்டியதுதானே."

"வெட்டினோம். சேலை தானா காத்துல விரியற மாதிரி இருந்துச்சு. பேய் விக்குதுன்னு எழுதறாங்க." மிருணாளினி சொம்பைக் கீழே வைத்தாள். "உங்க நகலை வெச்சு இனி ஒண்ணும் பண்ண முடியாது. கடையைக் காப்பாத்தணும்னா நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும். உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்தப் பொம்மைய அணைக்கணும். என்ற கணக்கத் திறந்து விடணும். அப்புறம் செங்கோட்டுவேலு நேரலைல வந்து நின்னு, என்ன பண்ணுனான்னு அவன் வாயாலயே சொல்லணும்."

"சொல்ல வைக்கலாம். அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்குது" என்றாள் வசந்தாமணி. அதைச் சொன்னாள். மிருணாளினி, "சார் ஒத்துக்கணுமே?" என்றாள்.

"ஒத்துக்குவான். நீங்க கேக்கற நேரத்துல கேட்டாப் போதும்."

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் செங்கோட்டுவேல் கேமராவுக்கு முன்னால் நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வசந்தாமணி கேமராவுக்குப் பின்னால் நின்றாள். எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அவன் முதலில் திக்கினான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். செகண்ட்ஸ் சரக்கு, வெட்டின பேச்சு, முடக்கின கணக்கு. "எங்க அண்ணி பேர வெச்சு உங்கள ஏமாத்துனது நான்தானுங்க" என்று சொல்லும்போது நிஜமாகவே அழுதுவிட்டான்.

வசந்தாமணி திரையின் ஓரத்தில் ஓடிய எழுத்துக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து நிமிஷம் வசவு. அப்புறம் ஒருத்தி, 'தப்ப ஒத்துக்க ஒரு தைரியம் வேணும்' என்று எழுதினாள். இன்னொருத்தி, 'பாவம், அழுவாதீங்கண்ணா'. அரை மணி நேரத்தில், 'இனிமே நீங்களே சேலை காட்டுங்கண்ணா, நீங்க சொன்னா நம்புவோம்' என்று நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தது. குறையை முதலில் சொல்கிறவனை இந்தப் பெண்கள் எப்படித் தலையில் தூக்கி வைப்பார்கள் என்று உலகத்தில் யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பொறாமை வரவில்லை. அவள் எதிர்பார்த்தது அதைத்தான்.

செங்கோட்டுவேல் மறுநாளே சேலை காட்ட வந்துவிட்டான். நல்ல சரக்கு, கிழிசல் இருந்தால் கிழிசலைக் காட்டினான். தலைக்கு டை அடித்தான். மாலை நேரத்தில் சந்தையில் பெண்கள் நிறுத்தி, "நீங்கதானே அந்த அண்ணன்?" என்று கேட்டு போட்டோ எடுத்தார்கள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்தைந்து நாள் கழித்து மிருணாளினி வந்தாள்.

"சார், கூட்டம் தாங்க முடியல. பாதிப் பேர் உங்களோட பேச முடியாம திரும்பிடறாங்க. உங்களுக்கு ஒரு நகல் இருந்தா, நீங்களும் ஒரு நாள் லீவு எடுக்கலாம்."

"எத்தன பேருகிட்டப் பேசும்?" என்று கேட்டான் செங்கோட்டுவேல்.

"எத்தனை பேர் வந்தாலும்."

அவன் கண் மின்னியதைப் பக்கத்தில் நின்ற வசந்தாமணி பார்த்தாள். மிருணாளினி போனை நீட்டினாள். பதினெட்டுப் பக்க ஒப்பந்தம். அவன் விரலால் ஒரே தள்ளாகக் கடைசிக்குத் தள்ளினான்.

"படிக்கலையா தம்பி?" என்றாள் வசந்தாமணி. எச்சரிக்கைதான். அந்த அளவுக்கு அவளிடம் இன்னும் கொஞ்சம் மனசாட்சி பாக்கி இருந்தது.

"நான் எழுதினதுதானே அண்ணி" என்றவன், போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "சம்மதம்" என்றான்.

எழுதினது அவன்தான். ஒரே ஒரு வரியைத் தவிர. கடை நிர்வாகி என்று இருந்த இடத்தில் அவன் பெயருக்குப் பதிலாக வசந்தாமணியின் பெயர் இருந்தது. அவள் கேட்ட இன்னொன்று அதுதான்.

ஒரு மாதம் போயிற்று. செங்கோட்டுவேல் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து, ஒரு திங்கட்கிழமை காலை நேரலையைத் திறந்தான். ஒரு நிமிஷத்தில் திரை அணைந்தது. நகலுக்கு முடி இருந்தது. வசந்தாமணி நினைத்திருந்தால் ஒரு சொல்லில் அதைச் சரிசெய்திருக்கலாம்.

அப்போது அவள் கிடங்கில், அவனுடைய பழைய நாற்காலியில் இருந்தாள். அவளுடைய சொந்தக் கணக்கு எப்போதோ திரும்பக் கிடைத்துவிட்டது. அதில் அவள் ஒரு தடவைகூட நேரலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை செங்கோட்டுவேலின் நகலைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பொழுது போயிற்று. அவள் சொன்னபடி எல்லாம் அது பேசியது. வருகிற ஒவ்வொருத்தியிடமும், "நான் எங்க அண்ணிக்குத் துரோகம் பண்ணுனவனுங்க" என்றுதான் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை. அவளுக்கு அது இன்னும் சலிக்கவில்லை.

மிருணாளினி எதிரில் உட்கார்ந்து கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு விஷயம். சார் நகல் சேலைல குறை சொல்ற இடத்துல நிறைய பேர் வாங்காம போயிடறாங்க. போன மாசம் அப்படி இல்ல. ஜனங்களுக்கு அது பழகிடுச்சு. அதைக் கொஞ்சம் எடுத்துடலாமா? இந்தத் தடவை கையும் பேச்சும் சேர்த்தே வெட்டத் தெரியும் எங்களுக்கு. யாருக்கும் தெரியாது."

வசந்தாமணி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது.

"அண்ணி, நான்தான். என்ற கணக்கு மூடிக்கிச்சுங்க. ஆள்மாறாட்டம்னு வருது."

"யாரு பேசறது?"

"நான்தானுங்க, செங்கோட்டுவேலு."

அவள் திரையைப் பார்த்தாள். பதினெட்டாயிரம் பேரிடம் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"செங்கோட்டுவேலு இங்க என்ற முன்னாடிதான் உக்காந்து வேல பாத்துட்டிருக்காப்ல. நீங்க யாரோ" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது.

"எடுத்துடுங்க" என்றாள் மிருணாளினியிடம்.

"குறை சொல்றதையா?"

"ஆமா. செகண்ட்ஸ் சரக்கே போடுங்க."

"ஓட்டைச் சேலை போனா ஜனங்க திட்டுவாங்களே மேடம்."

"திட்டட்டும். அவன் மூஞ்சியப் பாத்துத்தானே திட்டுவாங்க."

மிருணாளினி கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"உங்க நகல் விஷயத்துல சாரும் என்கிட்ட இதையேதான் சொன்னார் மேடம். வார்த்தை மாறாம."

வசந்தாமணிக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. திரையில் செங்கோட்டுவேல் அடுத்த சேலையை எடுத்து உதறி, யாரோ ஒரு பெண்ணுக்காக விரித்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டாள்.